விஆர் ஹெட்செட் வாங்கும் முன் டிஎன்ஏ எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். வகுப்பில் 40 பேர். மூலக்கூறு உயிரியலை விஆரில் (கண்ணில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சியில்) நடத்த 10 ஹெட்செட்டும் முழுப் பாடத் தொகுப்பும் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நிர்வாகமும் தயார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அவர் காட்டும் டிஎன்ஏவை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சுருளை நிமிர்த்தி வையுங்கள். உங்கள் முன்பக்கமாக வரும் இழை இடப்பக்கம் கீழே தொடங்கி வலப்பக்கம் மேலே ஏறினால் சரி. வலது கீழிருந்து இடது மேலே ஏறினால் தவறு. தலைகீழாகக் கவிழ்த்தாலும் அது சரியாகாது. செல்களில் வழக்கமாக உள்ள பி வடிவ டிஎன்ஏ வலக்கைச் சுருள், அதாவது முதலில் சொன்னபடி ஏறுவது. வரைபவர்கள் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிடுவதால் இடக்கைச் சுருள் எங்கும் மலிந்து கிடக்கிறது. அதே படம்தான் பிறகு முப்பரிமாண மாதிரியாக விலைக்கு வருகிறது.

சுட்டிக்காட்டினால், “இது இசட் டிஎன்ஏ, இடக்கைச் சுருள்தான்” என்று சமாளிப்பார்கள். அப்படி ஒன்று உண்டு என்பது உண்மை. 1979-இல் அதன் படிக அமைப்பே வெளியானது. ஆனால் இசட் டிஎன்ஏவின் முதுகெலும்பு (வெளியோரமாக ஓடும் இழை) சீராக வளையாது; கோணல்மாணலாக ஒடிந்து ஒடிந்து ஏறும். ஒரு சுற்றுக்கு 12 கார இணைகள் (இரண்டு இழைகளையும் இணைக்கும் படிகள்). பி வடிவத்தில் சுமார் 10.5 தான். இசட் டிஎன்ஏவின் உடலும் ஒல்லி; பி வடிவத்தில் இழைகளுக்கு நடுவே ஓடும் இரண்டு பள்ளங்களில் பெரியது இருந்த இடம் கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். முதுகெலும்பு வழவழவென வளைந்து, இரண்டு பள்ளங்களும் தெளிவாகத் தெரிந்து, முறுக்கு மட்டும் இடப்பக்கம் போனால் அது இசட் டிஎன்ஏ இல்லை, பிழை. இந்தச் சாக்கை ஏற்காதீர்கள்.

அடுத்து, “இதன் பிடிபி எண் என்ன?” என்று கேளுங்கள். பிடிபி என்கிற புரோட்டீன் டேட்டா பேங்க், மூலக்கூறு அமைப்புகளுக்காக 1971 முதல் இயங்கும் பொதுக் களஞ்சியம். அதில் எந்த அமைப்பையும் யாரும் இலவசமாக எடுக்கலாம். எண் சொல்ல முடியாவிட்டால் அது பெரும்பாலும் கையால் வரைந்த பொம்மை. சொல்லிவிட்டால், இலவசப் பொருளுக்கு ஆண்டுச் சந்தா எதற்கு, சந்தா நின்றால் மாதிரி திறக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கொள்முதல் குழுக்கள் ஹெட்செட்டை எண்ணுகின்றன, நிமிடத்தை எண்ணுவதில்லை. 40 பேருக்கு 10 கருவி என்றால் நான்கு சுற்று. மாட்டிக் கழற்ற 3 நிமிடம், பார்க்க 8 நிமிடம் என்றாலும் 44 நிமிடம் போய்விடும். பாடம் எப்போது நடத்துவது? யார் சார்ஜ் போடுவது, யார் துடைப்பது என்றும் ஒருவரும் கேட்பதில்லை.

கையில் இருக்கும் போனில் ஏஆரிலிருந்து (கேமராவில் தெரியும் மேசைமேல் மாதிரியை நிறுத்திக் காட்டும் முறை) தொடங்குங்கள். மூலக்கூறுகளைத் திரையில் காட்டும், கற்பித்தலுக்கு இலவசமான கைமெராஎக்ஸ் மென்பொருளில் 1பிஎன்ஏ என்ற பிடிபி எண்ணுள்ள அமைப்பைத் திறங்கள். 12 கார இணை கொண்ட பி வடிவம். சுற்றிலும் மிதக்கும் சிவப்புப் புள்ளிகள் நீரின் ஆக்சிஜன்; நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் வகுப்பு முழுக்க அதைப் பற்றியே கேட்கும். குச்சி வடிவில் வைத்து ஜிஎல்பி என்ற முப்பரிமாணக் கோப்பாகச் சேமியுங்கள்; போனில் அதைத்தான் திறக்க வேண்டும். மேற்பரப்பு வடிவம் வேண்டாம்; முக்கோணங்கள் பெருகிச் சாதாரண போன் திணறும். ஐபோனுக்கு அதை யுஎஸ்டிஇசட் என்ற கோப்பு வகையாக மாற்ற வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் அளவு. ஜிஎல்பியில் நீளத்தின் அலகு மீட்டர். மூலக்கூறை அளக்கும் ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) எண் அப்படியே மீட்டராகப் போனால், சுமார் 40 ஆங்ஸ்ட்ராம் நீள மூலக்கூறு 40 மீட்டர் கோபுரமாகி நிற்கும். மாணவர் அதன் உள்ளே நின்றுகொண்டு “ஒன்றுமே தெரியவில்லை” என்பார். உயரத்தை 30 சென்டிமீட்டருக்குக் குறைத்து மேசைமேல் வையுங்கள்.

நால்வருக்கு ஒரு போன். ஒரே கார இணையை மேசையின் ஒரு பக்கத்திலிருந்தும் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விளிம்பு அகன்ற பெரிய பள்ளத்திலும் மறு விளிம்பு குறுகிய சிறிய பள்ளத்திலும் திறந்திருப்பது தெரியும். பல புரதங்கள் கார வரிசையைப் பெரிய பள்ளம் வழியாகவே படிப்பது ஏன் என்று அங்கேயே கேட்கலாம். தட்டைப் படத்தில் இது வரவே வராது.

இதெல்லாம் பழகிய பிறகு ஒரே ஒரு ஹெட்செட் வாங்குங்கள். ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். அவர் பார்ப்பது திரையில் மற்றவர்களுக்கும் தெரியட்டும். ஜாய்ஸ்டிக்கால் மூலக்கூறுக்குள் பறக்க விடாதீர்கள்: கண் நகர்கிறது என்கிறது, உட்செவி நகரவில்லை என்கிறது, குமட்டல் வருகிறது. ஆள் அசையாமல் இருக்க, மூலக்கூறைக் கையால் பிடித்துத் திருப்பும் வசதி உள்ள செயலியையே தேர்ந்தெடுங்கள்.