டிஜிட்டல் டவுன்லோட் விக்கிற ஆன்லைன் கடை போட்டா நிஜமாவே காசு வருமா?

"ஒரு தடவை ஃபைல் செஞ்சு வச்சுட்டா தூங்கும்போதும் காசு வரும்னு சொல்றாங்களே, உண்மையா"ன்னு கேட்டிருக்கீங்க. அந்தத் தூங்கும்போதுங்கிற வார்த்தையைப் பார்த்ததுக்கப்புறம் பதில் எழுதாம போக மனசு வரலை. நீங்க வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி யூடியூப்ல யாரோ சொன்னதைப் பார்த்துட்டு கேக்குறீங்கன்னு நினைக்கிறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் கரூர் பக்கம் லேடீஸ் டெய்லர், 16 வருஷமா தைக்கிறேன். நாலு வருஷமா பிளவுஸ் கட்டிங் பேட்டர்ன் பிடிஎஃப்பா விக்கிறேன். 28ல இருந்து 44 சைஸ் வரைக்கும் முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி எல்லாத்தையும் நிஜ அளவுல வரைஞ்சு வச்சிருக்கேன், வாங்குறவங்க ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஒட்டி துணி மேல வச்சு வெட்டிக்கலாம். ஒரு சைஸ் 79 ரூபா, எல்லா சைஸும் சேர்த்து 299. கம்ப்யூட்டர்ல வரையிறதுக்கு நாத்தனார் பொண்ணு இங்க்ஸ்கேப்னு ஒரு சாஃப்ட்வேர் கத்துக்குடுத்துச்சு, அதுக்கு காசு கிடையாது. இப்போ மாசம் 18 ஆயிரம் கிட்ட நிக்குது, தீபாவளி பொங்கலுக்கு முன்னாடி கூட வரும். இதெல்லாம் ஒரு வருமானமா, நான் டெம்ப்ளேட் வித்து லட்சம் பார்க்கிறேன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க, நல்லா இருங்க, நான் என் கதையைத்தான் சொல்றேன்.

முதல் மாசம் 31 பேர் வாங்கினாங்க, அதுல 9 பேர் ஃபோன் பண்ணி "அக்கா பிளவுஸ் இறுக்குது, கையே ஏறலை"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை, ஏன்னா அதே பேட்டர்ன்ல என் கடையில நூத்துக்கணக்கா தைச்சுக் குடுத்திருக்கேன். அதுல ஒருத்தங்க சீமந்தத்துக்கு எடுத்த பட்டுப்புடவையோட பிளவுஸ் பிட்டையே வெட்டிட்டாங்க, அது போனா அதே கலர்ல வேற துணி எங்க போய் வாங்குறது? அழுதுட்டே பேசினாங்க. 79 ரூபாயைத் திருப்பிக் குடுத்துட்டா தீந்துடுமா, கொரியர்ல அனுப்பச் சொல்லி அக்குள்ல ஒட்டு வச்சு நானே சரி பண்ணி அனுப்பினேன், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கிற பிரவுசிங் சென்டர்ல போய் நின்னு என் ஃபைலையே பிரிண்ட் போடச் சொல்லி டேப் வச்சு அளந்தேன். அங்க கம்ப்யூட்டர்ல "ஃபிட் டு பேஜ்"னு இருந்துச்சு, பேப்பரோட ஓரத்துல இடம் விடுறதுக்காக படத்தையே சுருக்கிடுது. 94 சதவீதமா சுருங்குச்சுன்னா 36 இன்ச் மார்பளவு 34 கூட வராது, அப்புறம் எப்படிக் கை ஏறும். அதுக்கப்புறம் முதல் பக்கத்துல 2 இன்ச் கட்டம் ஒண்ணு போட்டேன், "இந்த ஒரு பக்கத்தை மட்டும் முதல்ல பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சுப் பாருங்க, 2 இன்ச் வரலைன்னா துணியில கத்திரி வைக்காதீங்க"ன்னு எழுதினேன், கீழே பெரிய எழுத்துல "பிரிண்ட் போடுற அண்ணாவுக்கு: ஆக்சுவல் சைஸ், 100 சதவீதம்"னு போட்டேன். ஃபோன் வர்றது அதோட முக்கால்வாசி நின்னுச்சு. அப்புறம் கனடால இருந்து ஒரு யாழ்ப்பாணத்து அக்கா கூப்பிட்டு அடிப்பக்கம் வெட்டுப்படுதுன்னாங்க, அங்க ஏ4 இல்லையாம், லெட்டர் சைஸ் பேப்பராம், அது 11 இன்ச் உயரம்தான், நம்ம ஏ4 அதைவிட முக்கால் இன்ச் கிட்ட நீளம். அவங்களுக்காகத் தனியா ஒரு ஃபைல் போட்டேன்.

கமிஷன் விஷயமும் கணக்குப் போட்டுப் பாருங்க. எட்ஸிங்கிற வெளிநாட்டு ஆன்லைன் சந்தையில ஒரு பொருள் போட 20 சென்ட், நாலு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப, வித்தா 6.5 சதவீதம். கம்ரோட்னு ஃபைல் விக்கிற சைட்ல 10 சதவீதத்தோட 50 சென்ட், அப்ப 1 டாலர் ஃபைல் வித்தா 60 சென்ட் அங்கேயே போயிடும். நம்ம ஊர்க்காரங்களுக்கு யுபிஐ இருக்கிற பேமெண்ட் கேட்வே, அதாவது ஆன்லைன்ல காசு வாங்கி நம்ம கணக்குல போடுற சேவைதான் சரி, நான் தர்றது 2 சதவீதமும் அதுக்கு ஜிஎஸ்டியும். ஆரம்பத்துல வாட்ஸப்ல ஸ்கிரீன்ஷாட் வாங்கிட்டு ஃபைல் அனுப்பினேன், பொய் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி ஏமாத்தினாங்க, அதான் காசு விழுந்தா தானா டவுன்லோட் ஆகுற மாதிரி சைட்டுக்கு மாறினேன். ஒரு டெலிகிராம் குரூப்ல என் 299 ரூபா ஃபைலை சும்மா போட்டிருந்தாங்க, ஒரு கஸ்டமரே சொல்லித்தான் தெரிஞ்சுது. இப்ப ஒவ்வொரு பக்கத்துலயும் வாங்கினவங்க பேர் அச்சாகுது, முழுசா நிக்கலை, குறைஞ்சிருக்கு.

இதைச் சொல்லும்போது இன்னொண்ணும் சொல்லணும். 6000 ரூபாய்க்குப் புடவை எடுத்துட்டு லைனிங் பிளவுஸ் தையல் கூலி 350ன்னா "300க்குப் போடுங்கக்கா"ங்கிறவங்க இருக்காங்களே, அதே ஆளுங்க ஜவுளிக்கடையில பில்லுல ஒரு ரூபா குறைக்கச் சொல்ல மாட்டாங்க. கழுத்து வலி, கண் வலியோட பண்டிகைக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து தைக்கிறது அவங்க கண்ணுக்குத் தெரியறதில்லை. நான் இந்த ஃபைல் பக்கம் வந்ததே அதனாலதான், இங்க 79ன்னு போட்டா 79 குடுக்குறாங்க.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். காசு வரும், ஆனா தினமும் ஒரு மணி நேரமாவது ஃபோன்லயும் மெசேஜ்லயும் போகும், "லிங்க் ஓப்பன் ஆகலை", "மொபைல்ல எங்க சேவ் ஆச்சு"ன்னு கேப்பாங்க, பொறுமையா சொல்லணும், அவங்கதான் அடுத்த பேட்டர்னும் வாங்குறாங்க. ஜிஎஸ்டி பத்தி உங்க ஆடிட்டர்கிட்ட கேளுங்க, நான் சொல்றதை வச்சு எதுவும் பண்ணாதீங்க. என்ன ஃபைல் விக்கப் போறீங்கன்னு கேள்வியில எழுதவே இல்லையே, அதை வாங்கினவங்க வீட்டுல எப்படித் திறப்பாங்க, எதுல பிரிண்ட் எடுப்பாங்கன்னு நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பண்ணிப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.