முனியம்மாளின் ‘ள்’

ஐயா, வணக்கம்.

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் 40 பேர் இருக்கிறோம். கொடியேற்றம், டிசம்பர் 7 கொடிநாள், வருடத்துக்கு ஒரு கண் சிகிச்சை முகாம். இவ்வளவுதான் நடக்கிறது. இந்த ஆண்டு நினைவுத்தூண் கட்டலாம் என்கிறார்கள் சிலர். அக்னிவீர் தேர்வுக்குப் பையன்களைத் தயார் செய்யலாம் என்கிறார்கள் வேறு சிலர். எதைச் செய்யலாம்? சென்ற மாதம் ஓர் உறுப்பினர் காலமானார். அவர் மனைவியின் பென்ஷனுக்காக ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

செயலாளர் (ஓய்வுபெற்ற ஹவில்தார்), வேலூர் மாவட்டம்

அன்புள்ள செயலாளருக்கு,

தூண் கட்டுவது உங்கள் இஷ்டம். பையன்களை விடியற்காலையில் 1.6 கி.மீ. ஓடவிடுங்கள், நல்லதுதான். ஆனால் 2023 முதல் எழுத்துத் தேர்வில் தேறியவனைத்தான் மைதானத்துக்கே கூப்பிடுகிறார்கள். முதலில் ஒரு கணக்கு வாத்தியாரைப் பிடியுங்கள்.

என் கண் நின்றது உங்கள் கடைசி வரியில். கொஞ்ச நாளாக இதே நினைப்பு. நீங்களோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

ஆட்சியரிடம் எதற்குப் போனீர்கள்? அந்த மனு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து, அவர் இருந்த படைப்பிரிவின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப்படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பட்டாளத்தில் இருந்த உங்களுக்கு இது தெரியாதா? நேரே அங்கே எழுத வேண்டியதை, ஊர் சுற்றிப் போகும்படி விட்டிருக்கிறீர்கள். மனு கொடுக்கும் படம் மட்டும் நன்றாக வந்திருக்கும்.

சிக்கல் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் பெயராகத்தான் இருக்கும். வீரரின் குடும்ப விவரத்தைப் பதியும் ராணுவ ஆணையான பார்ட் டூ ஆர்டரில் மனைவி பெயரைப் பதிந்த கிளார்க் பல நேரம் வடக்கத்திக்காரர். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஆகவே பி.பி.ஓ. என்னும் பென்ஷன் ஆணையில் இனிஷியலே இல்லாமல் ‘மணியம்மா’. வங்கிப் புத்தகத்தில் அப்பா இனிஷியலோடு ‘முனியம்மாள்’. ஆதாரில் கணவர் இனிஷியலோடு, ‘ள்’ உதிர்ந்து ‘முனியம்மா’. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறும் நம் வழக்கம் பிரயாக்ராஜ் ராணுவ பென்ஷன் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிப் புரியும்?

பிறந்த தேதியும் இப்படித்தான். 80 வயதானால் பென்ஷனில் 20 சதவீதம், 85க்கு 30, 90க்கு 40 என்று கூடுதலாக வரவேண்டும். குடும்ப பென்ஷனுக்கும் உண்டு. மனைவியின் பிறந்த தேதி பதிவிலேயே இல்லையென்றால், எந்த மாதத்திலிருந்து கூட்டுவது?

இதையெல்லாம் கணவர் உயிரோடிருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புத்தகம், இருவர் ஆதார், பான், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வாய்விட்டு வாசித்தால் போதாது, வாசிக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். பிறகு ஸ்பர்ஷில், அதாவது ராணுவ பென்ஷனுக்கான இணையதளத்தில், மனைவியின் விவரம் என்னவென்று பாருங்கள். பிழை பதிவில் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம், நகல்கள் எல்லாம் வைத்துக் கணவரே ரெக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் அடியோடு வேறென்றால் நாளிதழ் விளம்பரமும் கேட்பார்கள். டிஸ்சார்ஜுக்குப் பின் கல்யாணம் செய்தவர் மனைவி பெயரைச் சேர்த்தாரா என்று தனியாகக் கேளுங்கள். அவர்தான் முதலில் மறப்பவர். இதே விண்ணப்பத்தை அவர் போன பிறகு அந்த அம்மாள் போட்டால், பதில் வரும்வரை வீட்டில் அடுப்பெரிய என்ன வழி?

உங்கள் கூட்டத்துக்கு வருகிற 40 பேரும் ஆண்கள்தானே? மனைவிமார் டீ கொடுக்க மட்டும் வருகிறார்களா? பாரம் அவர்கள் தலையில்தான் இறங்கப்போகிறது. அடுத்த கூட்டத்தில் அவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

உயிரோடிருக்கிறோம் என்று ஆண்டுதோறும் கொடுக்கும் லைஃப் சர்டிபிகேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை இணையத்தில் கொடுக்கும் ஜீவன் பிரமாணில் ‘பென்ஷன் வழங்கும் அலுவலகம்’ என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர் ஸ்பர்ஷைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினாலும் சான்று உருவாகும், எண்ணும் வரும், பென்ஷன் மட்டும் நின்றுபோகும். ரேகை தேய்ந்த விரலை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம், செல்போனில் முகம் காட்டினால் போதும்.

இப்போது அந்த அம்மாள் வீட்டுக்குப் போங்கள். மாலையோடு அல்ல, ஒரு கோப்போடு. துக்கத்தில் இருப்பவரிடம் காகிதம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டதா, ஸ்பர்ஷிலும் வங்கியிலும் மரணத்தைத் தெரிவித்தாயிற்றா என்று பாருங்கள். இறந்த தேதிக்குப் பின் வரவான பென்ஷனை ஏ.டி.எம்.மில் எடுக்க வேண்டாமென்று மகனிடம் சொல்லுங்கள், திரும்பப் பிடித்துவிடுவார்கள். குடும்ப பென்ஷன் கோரிக்கையைப் பதிந்து, அந்த எண்ணை அவர் கையில் எழுதிக் கொடுங்கள். ஓ.டி.பி. எந்தச் செல்போனுக்குப் போகிறதென்றும் கேளுங்கள். இறந்தவரின் போன் அலமாரியில் அணைந்து கிடக்கும்.