பாறைக் குட்டையில் கடல் உயிர்கள்: கொங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். பாறைக் குட்டை என்பது கடல் வற்றும்போது கரைப் பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் தண்ணீர். அங்கே படம் கெடுவதற்குக் கேமரா கடைசிக் காரணம். நேரம் தவறிப் போவதும் தண்ணீரின் மேல் விழும் வெளிச்சமும் முதல் இரண்டு காரணங்கள்.

சனி, ஞாயிறில் போய்வர எந்தக் கரை? எந்த நாள்? (வங்கி ஊழியர், கோவை)

நமக்குப் பக்கம் கேரளக் கரைதான். பொன்னானி, சாவக்காடு இன்னும் கிட்டம், ஆனால் மணல் கரை. பாறை வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, ஷொரணூர் வழியாகக் கோழிக்கோடு போய், அங்கிருந்து வடக்கே கொயிலாண்டிக்கும் வடகரைக்கும் நடுவில் உள்ள திக்கோடிக்குப் போங்கள். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் குமரி மாவட்டத்து முட்டம்.

நாளைத் தேர்ந்தெடுக்க வீட்டு நாள்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமி அன்றும் அடுத்த இரண்டு நாளும் கடல் நன்றாக வற்றும். அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் பாதிப் பாறை தண்ணீருக்குள்ளேயே இருக்கும். கொச்சியில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே சுமார் 1 மீட்டர்தான். அதனால் இங்கே 20 சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பெரிய விஷயம். ஒரு நாளில் இரண்டு வற்றம் வந்தாலும் இரண்டும் ஒரே அளவு இறங்காது. கடல் ஏற்ற வற்ற அட்டவணையில் நேரத்தோடு உயரத்தையும் பாருங்கள். 0.3 மீட்டருக்குக் கீழே, பகலில் வரும் வற்றமே நமக்கு வேண்டியது. அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால் சனிக்கிழமைக் கணக்கை ஞாயிறுக்கு அப்படியே வைக்காதீர்கள்.

வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், தண்ணீர் இறங்க இறங்கக் கடல் பக்கம் நகருங்கள். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் ஏறுவதே தெரியாது. மூன்றாம், நான்காம் மணியில்தான் வேகம் பிடிக்கும். வந்த வழி மூடிப்போவது அப்போதுதான்.

வானம் தெளிவாக இருந்தால் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? (பல்லடம்)

வானத்தை நம்பாதீர்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். அதுதான் கள்ளக்கடல். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் அலையில் சிக்கி இறந்தார்கள். கிளம்பும் முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரைப் பாறைகள் பக்கமே போக வேண்டாம்.

குட்டையைப் படம் எடுத்தால் வானமும் என் தலையும்தான் தெரிகிறது. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் கண்ணாடி) வாங்கியும் பயனில்லை. (கல்லூரி மாணவி, பொள்ளாச்சி)

நேர் மேலிருந்து எடுக்கிறீர்கள். போலரைசர் நன்றாக வேலை செய்வது தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான். செங்குத்தாகப் பார்த்தால் அது வெளிச்சத்தைக் குறைக்குமே தவிரப் பிரதிபலிப்பைக் குறைக்காது. மேலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிட்டு ஒரு கறுப்புக் குடை விரியுங்கள். வானம் குடையால் மறைந்தால் தண்ணீரில் எதிரொளிக்க ஒன்றும் இருக்காது.

குடையை விரித்த உடனே எடுக்க வேண்டாம். நிழல் விழுந்ததும் சின்ன மீன்களும் நண்டுகளும் இடுக்குக்குள் போய்விடும். ஐந்து, பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதலில் வெளியே வருவது பெரும்பாலும் இறால்தான். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் இறாலுக்கு முன்னால் மணலில் அதன் நிழல் நகர்வது கண்ணில் படும். நிழலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே கொண்டுபோனால் இரண்டு கறுப்புக் கண்கள், பிறகு உள்ளே குடல் ஒரு கோடாக, கடைசியில் முழு இறால். கைப்பேசியில் அந்தக் கண்ணைத் தொட்டு அழுத்தி ஃபோகஸைப் பூட்டுங்கள். இல்லையென்றால் மேலே மிதக்கும் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கேமரா என்றால் ஷட்டர் வேகம் 1/250 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை. ஃபிளாஷ் வேண்டுமானால் கேமராவிலிருந்து பிரித்து, பக்கவாட்டில் 45 டிகிரியில், முன்னால் ட்ரேசிங் பேப்பர் கட்டிப் பிடியுங்கள்.

பழக இடம் தேடிக் கடலுக்குப் போக வேண்டாம். தோட்டத்துத் தண்ணித் தொட்டியில் தலைப்பிரட்டையும் நத்தையும் இருந்தால் ஒரு மதியத்தில் குடை, கோணம், ஃபோகஸ் மூன்றும் பிடிபடும். அமராவதி அணைப் பக்கம் மட்டும் பழக வேண்டாம். அங்கே காட்டு முதலைகள் உண்டு.

அலை அசைவில் எதுவும் தெளிவாக இல்லை. தண்ணீருக்குள் பார்க்கும் பெட்டி வீட்டிலேயே செய்ய முடியுமா? (பைப் கடைக்காரர், ஈரோடு)

உங்கள் கடை வெட்டுத் துண்டே போதும். 6 அங்குல பிவிசி பைப், 20 சென்டிமீட்டர் நீளம். அடி விளிம்பு கோணல் இல்லாமல் மட்டமாக இருக்க வேண்டும். அதை 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் வட்டத்தை சிலிகான் வைத்து ஒட்டுங்கள்; உள்பக்க மூலையிலும் ஒரு சுற்று சிலிகான் இழுங்கள். 24 மணி நேரம் காய்ந்தபின் பக்கெட் தண்ணீரில் அழுத்திச் சோதியுங்கள். ஒழுகினால் பெரும்பாலும் தேய்க்காமல் ஒட்டியதுதான் காரணம். உள்சுவருக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட்.

தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கினால் போதும். அதற்கே அரைக் கிலோ அளவுக்கு மேலே தள்ளும். 10 சென்டிமீட்டர் இறக்கினால் 2 கிலோ தள்ளும், கை நடுங்கும். சாய்த்து இறக்குங்கள், அடியில் காற்றுக் குமிழி தங்காது. கைப்பேசியை மேல் வாயில் வைத்து 2 மடங்கு ஜூம் போடுங்கள். இதன் வழியே பார்த்தாலும் தண்ணீர் ஆழத்தைக் குறைத்தே காட்டும்: 20 சென்டிமீட்டர் குட்டை 15 போலத் தெரியும்.

ஐபி68 (தண்ணீர் புகாத தரம்) கைப்பேசியை நேராகவே முக்கலாமா? (திருப்பூர்)

வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. உப்பு சார்ஜ் துளையை அரிக்கும். தவறி விழுந்தால் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

நட்சத்திர மீன், துறவி நண்டு எடுத்துவந்து பள்ளியில் தொட்டி வைக்கலாமா? (ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்)

தயவுசெய்து எடுக்காதீர்கள். பஸ்ஸில் சூடேறும் ஒரு டப்பா கடல் நீரில் அவை பாலக்காடு தாண்டுவதே சந்தேகம். கடல் அட்டை, பவளம், கடல் குதிரை போன்றவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, வைத்திருப்பதே குற்றம். வெறும் சங்கும் அங்கேயே கிடக்கட்டும், வளரும் துறவி நண்டுக்கு அடுத்த வீடு அதுதான்.

மாணவர்களுக்குப் படம் காட்டுங்கள். எடுக்கும்போது உயிரின் பக்கத்தில் 10 ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அளவு கணக்கிட உதவும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சுற்றுப் பாறையோடு ஒன்று என மூன்று படம் ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் பெயர் கண்டுபிடிக்க உதவுவார்கள்.

கல்லைப் புரட்டினால் ஒரு கையால் தூக்கக்கூடியதை மட்டும், மெதுவாக. பார்த்ததும் அதே பக்கம் அடியில் இருக்கும்படி அதே இடத்தில் வையுங்கள். மாற்றி வைத்தால் அடியில் இருந்தவை வெயிலில் காயும், மேலே இருந்த பாசி இருட்டில் அழுகும்.

எதைத் தொடவே கூடாது? (உடுமலை)

கூம்பு வடிவச் சங்கு, அது உயிரோடு இருந்தால் விஷ ஊசி நீட்டும். பாறையில் பாய் விரித்ததுபோல் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் பொத்தான் பவளக் கூட்டத்தையும் தொடாதீர்கள். சில வகைகளில் கொடிய விஷம் உண்டு, தொட்ட கையைக் கண்ணில் வைத்தால் ஆபத்து. கல்லுமக்காய் (பாறையில் ஒட்டி வளரும் சிப்பி) ஓடு காலைக் கிழிக்கும். செருப்பு வழுக்கும், பின்பக்கம் மூடிய ரப்பர் அடி ஷூ போடுங்கள். வெட்டுப்பட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு உடனே கழுவுங்கள். சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்குக் காயம் சிவந்து வீங்கினால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே மருத்துவரிடம் காட்டி, கடல் நீர் பட்ட காயம் என்று சொல்லுங்கள்.