தானியங்கி கார்கள் வந்தால் போக்குவரத்தும் சமூகமும் எப்படி மாறும்?

நான் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில். வேமோ நிறுவனம் ஓட்டுநரே இல்லாத டாக்ஸியை 2020 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது இந்தப் பகுதியில்தான். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் காரில் ஓட்டுநர் இருக்கை காலியாக இருப்பதை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை வைத்துச் சொல்கிறேன்: கார் ஓட்டுகிறவர்களுக்கு இது கொஞ்சம் வசதி, அவ்வளவுதான். ஓட்ட முடியாதவர்களுக்குத்தான் வாழ்க்கையே மாறுகிறது.

அமெரிக்கப் புறநகரில் பால் வாங்கக்கூட கார் வேண்டும். பஸ் உண்டு, ஆனால் கோடையில் 43, 44 டிகிரி வெயிலில் நிறுத்தத்தில் நின்று அதற்காகக் காத்திருக்க வயதானவர்களால் முடியாது. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாதம் தங்குகிற பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சியது போக மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததைத்தான் சொல்வார்கள். என் அப்பா திருநெல்வேலியில் டவுன் பஸ்ஸைப் பிடித்து நினைத்த இடத்துக்குப் போய்வருகிறவர். இங்கே நூலகத்துக்குப் போகக்கூட என் மீட்டிங் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேமோ செயலியை ஒரு ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். கார் கூரையில் இருக்கும் சின்னத் திரையில் நம் பெயரின் முதலெழுத்து ஒளிரும், அதை வைத்து நம் வண்டியை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஃபோனிலேயே கதவைத் திறந்து, பெல்ட் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். முதல் தடவை போய்வந்த அன்று, "யாரையும் எதிர்பார்க்காம போயிட்டு வந்துட்டேம்ப்பா" என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு இந்தத் தொழில்நுட்பத்தைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 2015-இல், வேமோ இன்னும் கூகுளுக்குள் ஒரு திட்டமாக இருந்த காலத்தில், கூகுள் தன் ஸ்டீயரிங் இல்லாத காரை ஆஸ்டின் நகரச் சாலையில் ஓடவிட்டபோது, அதில் தனியாகப் பயணம் செய்தவர் ஸ்டீவ் மேஹன் என்ற பார்வையற்ற மனிதர்.

சரி, இதே கார் ஒவ்வொரு வீட்டிலும் சொந்தமாக நின்றால்? எனக்குக் கவலை அங்கேதான். கலிஃபோர்னியாவில் ஆய்வாளர்கள் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். 13 பேருக்கு ஒரு வாரம் இலவசமாக ஓட்டுநரைக் கொடுத்து, தானியங்கி கார் சொந்தமாக இருந்தால் எப்படி வாழ்வீர்களோ அப்படி வாழுங்கள் என்றார்கள். அந்த வாரம் அவர்களின் கார்கள் ஓடிய தூரம் 83 சதவீதம் கூடியது. பணி ஓய்வு பெற்றவர்கள் அதிகமாக வெளியே போனார்கள், அது நல்லதுதான். ஆனால் கூடிய தூரத்தில் ஒரு பகுதியை அந்தக் கார்கள் வீட்டு ஆள் யாரும் ஏறாமல், அந்த ஓட்டுநரோடு மட்டும் ஓடியிருக்கின்றன. இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புவது, பொருள் வாங்கி வருவது, இப்படி. 13 பேர் சின்ன எண்ணிக்கைதான், ஓட்டுநர் இலவசம் என்பதும் உண்மை. இருந்தாலும் அது காட்டும் திசையை நான் நம்புகிறேன். ஓட்டும் அலுப்பு போய்விட்டால் இன்னும் தூரத்தில் வீடு வாங்குவார்கள், பார்க்கிங் கட்டணத்துக்குப் பயந்து காரைச் சுற்றவிடுவார்கள். ஆள் இல்லாமல் ஓடும் தூரத்துக்குக் கட்டணம் போடும் சட்டம், இந்தக் கார்கள் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பே வந்தாக வேண்டும்.

பாதுகாப்பு பற்றி: இயந்திரம் குடிக்காது, தூங்காது, ஃபோன் பார்க்காது. இந்தியாவில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஆனால் எங்கள் பக்கத்து ஊரான டெம்பியில் 2018 மார்ச்சில் நடந்ததையும் மறக்கக் கூடாது. இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணியை ஊபரின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுவிட்டன. வாகனமா, சைக்கிளா, வேறு எதுவுமா என்று மென்பொருள் மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே இருந்தது. கடக்கும் இடம் என்று குறிக்கப்படாத இடத்தில் ஒரு மனிதர் நடந்து கடக்கக்கூடும் என்பதே அதில் எழுதப்படவில்லை. வோல்வோ காரில் ஏற்கனவே இருந்த அவசர பிரேக்கையும், கணினி ஓட்டும் நேரத்தில் செயல்படாதபடி வைத்திருந்தார்கள். கண்காணிக்க உட்கார்ந்திருந்தவரின் கவனம் ஃபோனில் இருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்ச் சாலைதான் ஞாபகம் வரும். அங்கே நடுவில் கடப்பதுதான் வழக்கம். எதிர்த்திசையில் பைக் வரும், மாடு படுத்திருக்கும். அப்புறம் வேலை. கார், ஆட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! இந்த வேலையிழப்பைக் காரணம் காட்டித்தான் ஓட்டுநர் இல்லாத காரை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் சொன்னார். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஓட்டுநர் இல்லாத பயணம் என்றால் கார் மட்டும்தானா? சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா வழியாகப் போகும் வடகிழக்கு ரயில் பாதை 2003 முதலே ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் அது 2020 டிசம்பரில் தொடங்கியது. தனிப்பாதை என்பதால் குறுக்கே வர ஆளும் இல்லை, மாடும் இல்லை. ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள். சென்னைக்கும் மதுரைக்கும் இந்தப் பணத்தையும் மூளையையும் எதில் போடலாம் என்று என்னைக் கேட்டால், ரயிலிலும், அந்த நிலையத்திலிருந்து வயதானவர்களை வீட்டு வாசல் வரை கொண்டுவிடும் சின்ன பஸ்களிலும் என்பேன். அந்த பஸ்ஸை ஒரு மனிதரே ஓட்டட்டும்.