கம்பெனி ஸ்டீரியோ இருக்கட்டும், சப் ஊஃபர் போடலாமுங்களா?

வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல காருக்கு பேஸ், அதாவது அடிச் சத்தம், ஏத்தறத பத்தித்தானுங்க. ஈரோட்டுல இருபது வருசத்துக்கு மேல வண்டிக்கு ஆடியோ மாட்டற சோலி பாக்கறவன்ங்கறதால ஆசிரியர் அத்தனையையும் ஒட்டுக்கா எங்கிட்ட தாட்டி விட்டுட்டாரு. கேள்விய சுருக்கிப் போட்டுருக்கறனுங்க.

"புதுசா ஸ்விஃப்ட் எடுத்துருக்கறனுங்க அண்ணா. டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங்ல வால்யூம் பட்டன் எல்லாம் கம்பெனியோடதே. பாட்டு தெளிவாத்தான் கேக்குது, ஆனா உருமி அடிக்கறப்ப நெஞ்சுல வந்து மோதற அந்த அடி இல்லீங்க. கடைல கேட்டா செட்டையே மாத்தோணும்ங்கறாங்க. மாத்தாம முடியாதுங்களா?" (பெருந்துறை வாசகர்)

முடியும் தம்பி, செட்டுல கைய வைக்காதீங்க. அத மாத்தினா கேமராவும் ஸ்டீரிங் பட்டனும் வேல செய்ய தனியா அடாப்டர் தேடோணும், அவ்வளவு செலவு பண்ணியும் நீங்க கேக்கற பேஸ் வராது. ஏன்னா வெளிய விக்கற செட்டு அட்டைல 50 இன்ட்டு 4 வாட்ஸ்னு கொட்டை எழுத்துல போட்டுருப்பாங்க, அது உச்சத்துல ஒரு நொடி வந்துட்டுப் போற கணக்கு, உள்ள சத்தத்தப் பெருக்கற ஐசி (சிப்) 12 வோல்ட்டுல ஓடறதுனால ஒரு ஸ்பீக்கருக்கு ஒழுங்கா தர்றது 15ல இருந்து 20 வாட்ஸ்தான், உங்க கம்பெனி செட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான் தருது. கொற செட்டுல இல்லீங்க, கதவுல இருக்கற ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரால அடி பேஸுக்கு வேண்டிய காத்தத் தள்ள முடியாது, அவ்வளவுதான்.

இதுல நமக்கு நல்லதா ஒரு விசயம் இருக்குது. 40 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளம் எட்டரை மீட்டருக்கு மேல, காருக்குள்ள அத்தன நீளம் ஏது? அதனால அந்த அலை வீட்டு ஹால்ல ஓடற மாதிரி ஓடாம காருக்குள்ள இருக்கற காத்து முச்சூட்டையும் அமுக்கி அமுக்கி விடுது, ஹெர்ட்ஸ் கீழ போகப் போக பேஸ் தானா ஏறும். அடி பேஸுக்குன்னே இருக்கற ஸ்பீக்கர்தான் சப் ஊஃபர், சுருக்கமா சப். வீட்டுக்கு ஒரு பெரிய சப் செய்யற வேலைய காருக்குள்ள ஒரு 10 இஞ்ச் சப்பும், சிக்னலப் பெருக்கிக் குடுக்கற ஒழுங்கான 250, 300 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரும் (ஆம்ப்) செஞ்சிரும். ரெண்டு 12 இஞ்ச் வேணும்னு யாராச்சும் சொன்னா மொதல்ல ஒன்னு போட்டுக் கேட்டுப் பாருங்க.

இப்ப சிக்னல் எங்க எடுக்கறதுன்னு பாப்போம். கம்பெனி செட்டுக்குப் பின்னால ஆம்ப்புக்கு சிக்னல் குடுக்கற ஆர்சிஏ அவுட் சாக்கெட் பெரும்பாலும் இருக்காது, அதனால பின் ஸ்பீக்கருக்குப் போற ஒயர்ல இருந்துதான் எடுக்கோணும். ஆம்ப்புல ஸ்பீக்கர் ஒயர் சிக்னலயே வாங்கிக்கற ஹை லெவல் இன்புட் இருந்தா நேரா அதுல குடுக்கலாம், இல்லீன்னா நடுவுல லைன் அவுட் கன்வெர்ட்டர்னு, அந்த சிக்னல ஆர்சிஏவுக்குத் தக்கன கொறைச்சுக் குடுக்கற ஒரு சின்ன டப்பா. எது செஞ்சாலும் வண்டி ஒயர வெட்ட விடாதீங்க, உங்க மாடலுக்கே கப்ளர் கெடைக்குது, அத நடுவுல சொருகி அதுல இருந்து எடுத்துக்கலாம், நாளைக்கு வேண்டாம்னா உருவிட்டா பழையபடி ஆயிரும், வாரண்டிக்குப் போயி நிக்கறப்ப பேச்சும் கொறையும்.

ஒன்னு மட்டும் நல்லா மனசுல வச்சுக்குங்க. கம்பெனி செட்டோட ஸ்பீக்கர் மைனஸ் ஒயர் பாடி எர்த் இல்லீங்க. பிளஸ், மைனஸ் ரெண்டுலயும் தனித்தனியா 6 வோல்ட் கிட்ட நிக்கும். மைனஸ் தானேன்னு வண்டி பாடில தொட்டு வச்சா ஐசி போயிரும், அப்புறம் கேமராவோட சேத்து செட்டையே மாத்தற செலவு. இதே 6 வோல்ட்ட மோப்பம் புடிச்சு தானா ஆன் ஆகற ஆம்ப்பும் இருக்குது, அதுக்கு ஆம்ப்ப ஆன் ஆகச் சொல்ற ரிமோட் ஒயர் தனியா வேண்டியதில்ல. அந்த வசதி இல்லாத ஆம்ப்புன்னா சாவியத் திருப்புனா கரன்ட் வர்ற ஒரு ஃபியூஸ்ல 'ஃபியூஸ் டேப்'னு விக்கற கிளை கனெக்டர் சொருகி ரிமோட் ஒயர எடுத்துக்கலாம்.

இன்னொரு விசயமும் பல பேருக்குத் தெரியறதில்ல. சில கம்பெனி செட்டுல வால்யூம் ஏத்த ஏத்த பேஸ அதுவே கொறைச்சுக்கும், கதவு ஸ்பீக்கர் கிழியாம இருக்கறதுக்காக அப்படிப் பண்ணி வச்சுருக்கறாங்க. சப் மாட்டுனதுக்கப்புறம் மெதுவா வச்சாக்க நல்லா அடிக்குது, சத்தம் ஏத்துனா அடங்கிப் போவுதுன்னா இதுதான் காரணம், சப்ப குத்தம் சொல்லாதீங்க. அந்த மாதிரி வண்டிக்கு டிஎஸ்பின்னு சிக்னல திருத்தற டப்பா ஒன்னு நடுவுல போட்டு சரி பண்ணோணும். அதனால ஆம்ப் வாங்கறதுக்கு முன்னாலயே உங்க மாடலுக்கு இந்த வேல செஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

"ஆம்ப்புக்கு லைட்டர் சாக்கெட்ல இருந்து கரன்ட் எடுத்துக் குடுத்துருக்கறாங்க. சத்தம் வச்சாலே ஃபியூஸ் போவுது. பெரிய ஃபியூஸ் போட்டுக்கலாமுங்களா?" (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

வேண்டாமுங்க, தயவு பண்ணி அத மட்டும் பண்ணாதீங்க. இந்தப் பதில படிச்ச கையோட அந்தக் கனெக்சன கழட்டி வச்சுருங்க.

கணக்க நீங்களே பாருங்க. 300 வாட்ஸ் ஒழுங்கா குடுக்கற கிளாஸ் டி (கரன்ட்ட கம்மியா வீணாக்கற வகை) ஆம்ப்புன்னு வச்சுக்குவோம், 80 சதவீதம் திறன்னு எடுத்தா அது உள்ள இழுக்கறது 375 வாட்ஸ், வண்டி ஓடறப்ப 13.8 வோல்ட்டுன்னா 27 ஆம்பியர் வருது. பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்புன்னா இன்னும் கூட. லைட்டர் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 ஆம்பியர் ஃபியூஸ், அதுக்குப் போற ஒயரும் அதுக்குத் தக்கன மெல்லுசு. ஃபியூஸ் போவுதுன்னா அது உங்க வண்டியக் காப்பாத்திட்டு இருக்குதுன்னு அர்த்தம். அங்க 30 ஆம்பியர் ஃபியூஸ சொருகுனா அடுத்து உருகறது டேஷ்போர்டுக்குள்ள இருக்கற ஒயர்.

கரன்ட் பேட்டரில இருந்து நேரா வரோணும். பேட்டரி முனைல இருந்து ஒன்னரை அடிக்குள்ள ஃபியூஸ் ஹோல்டர் இருக்கோணும். ஆம்ப் மேலயே ஃபியூஸ் இருக்குதுங்களேன்னு கேப்பாங்க, அது ஆம்ப்பக் காப்பாத்தத்தான், நடுவுல பதினஞ்சு அடி ஓடற ஒயர யாரு காப்பாத்தறது? இத நான் சும்மா சொல்லலீங்க. எனக்கு வேண்டப்பட்டவரு ஒருத்தரு வேற எங்கியோ ஆம்ப் மாட்டிட்டு வந்தாரு, பேட்டரி கிட்ட ஃபியூஸ் இல்ல, இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகட்டுல ஓட்டை போட்டு ரப்பர் வளையம் (க்ரோமெட்) போடாமயே ஒயர உள்ள இழுத்துருக்கறாங்க. ஆறு மாசம் ஓட ஓட தகடு ஒயர அறுத்து, காங்கயத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு திரும்பி வர்றப்ப கால் பக்கத்துல இருந்து பொகை. பின்னால கொழந்தைங்க தூங்கிட்டு இருந்துருக்குது. வண்டிய ஓரங்கட்டி எல்லாரையும் எறக்கி, ஸ்பேனர் எடுத்து பேட்டரி முனையக் கழட்டறதுக்குள்ள கார்பெட் கருகிப் போச்சு. நூறு ரூவா, எறநூறு ரூவா சாமான் இல்லாததால வந்தது அது. அன்னைல இருந்து யாரு வண்டி வந்தாலும் நான் மொதல்ல பானெட்ட தூக்கி ஃபியூஸ் எங்க இருக்குதுன்னுதான் பாப்பன்.

ஒயர் விசயத்துலயும் ஏமாந்துராதீங்க. 300 வாட்ஸுக்கு நல்ல செம்பு ஒயர்னா 8 கேஜ் போதும், 500 வாட்ஸ் கிட்டன்னா 4 கேஜ் (கேஜ் நம்பர் கொறைய ஒயர் தடிமன் கூடும்). மலிவா வர்ற கிட்டுல செம்பு முலாம் பூசுன அலுமினியம்தான் இருக்கும், அலுமினியம் செம்புல அறுவது சதவீதம் அளவுக்குத்தான் கரன்ட் கடத்தும், அதனால அதத்தான் போடறதுன்னா ஒரு சைஸ் பெருசா போடோணும். பிளேடுல ஒரு இழைய சுரண்டிப் பாருங்க, மேல செவப்பா இருந்து உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். உள்ள செவப்பா, மேல மட்டும் வெள்ளையா இருந்தா அது வெள்ளீயம் பூசுன செம்பு, நல்லதுதான், அதப் பாத்துட்டு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க.

"வேகன் ஆர் சிஎன்ஜி. டிக்கி முச்சூடும் சிலிண்டர். எங்க வைக்கறது?" (திருப்பூர் வாசகர்)

சீட்டுக்கு அடில வைக்கற ஆக்டிவ் சப் வாங்கிக்குங்க, ஆம்ப்பு அதுக்குள்ளயே இருக்கும், பயனியர், ஜேபிஎல் ரெண்டுலயும் வருது. 8 இஞ்ச் அளவுதான், நெஞ்சு அதிரற அடி வராது, ஆனா கதவு ஸ்பீக்கர்ல விட்டுப் போன அடித்தளத்த அழகா நெரப்பிக் குடுக்கும், தெனமும் வேலைக்குப் போயிட்டு வர்ற வண்டிக்கு எனக்குப் புடிச்சது இதுதான். வாங்கறதுக்கு முன்னால சீட்ட முன்னயும் பின்னயும் தள்ளி அடில எத்தன உயரம் இருக்குதுன்னு ஸ்கேல் வச்சு அளந்துட்டுப் போங்க. சீட்டுக்கு அடில மஞ்ச கலர் கப்ளர் தெரிஞ்சா அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது, அதத் தொடவே தொடாதீங்க. சிலிண்டர் கிட்டயும் அதோட பைப்பு போற வழிலயும் ஸ்க்ரூ அடிக்கறது, ட்ரில் போடறது எதுவும் கூடாது.

"வண்டி ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர் குடுத்தா ஸ்பீக்கர்ல 'ஙொய்ங்'னு சத்தம் கூடவே ஏறுது." (தாராபுரம் வாசகர்)

ஆல்டர்னேட்டர் சத்தம் அது. ஆம்ப்போட எர்த் ஒயர் எங்க புடிச்சிருக்குதுன்னு பாருங்க, பத்துக்கு எட்டு வண்டில அங்கதான் கோளாறு இருக்கும். பெயின்ட்டு மேலயே ஸ்க்ரூ போட்டு விட்டுருப்பாங்க. தகடு பளிச்சுனு தெரியற வரைக்கும் சுரண்டிட்டு, ஒன்னரை அடிக்கு மேல போகாம, பவர் ஒயர் எத்தன தடிமனோ அதே தடிமன்ல போட்டு நல்லா முறுக்குங்க. அப்பவும் வந்தா ஆர்சிஏ ஒயரும் பவர் ஒயரும் ஒரே பக்கம் சேந்து ஓடுதான்னு பாத்து ஒன்ன அக்கட்ட மாத்தி விடுங்க.

"டாடா நெக்ஸான் மின்சார வண்டில இதெல்லாம் ஆகுங்களா?" (கோயமுத்தூர் வாசகர்)

ஆகும். அதுலயும் 12 வோல்ட் பேட்டரி ஒன்னு தனியா இருக்குது, ஆல்டர்னேட்டருக்குப் பதிலா டிசி டு டிசி கன்வெர்ட்டர் அத சார்ஜ் பண்ணும். அந்த 12 வோல்ட்டுல இருந்து மட்டும் எடுங்க, சின்ன ஆம்ப்போட நிறுத்திக்குங்க. ஆரஞ்சு கலர் கேபிள் எங்க தெரிஞ்சாலும் அந்தப் பக்கம் கையே போகக்கூடாது.

"பையனுக்கு 21 வயசு. 12 இஞ்ச் சப் மாட்டிட்டு வந்துருக்கறான். வண்டி வீதி திரும்பறப்பவே எங்க வீட்டு ஜன்னல் அதிருது. காது கெட்டுருமோன்னு பயமா இருக்குது, சொன்னா கேக்க மாட்டேங்கறான்." (பொள்ளாச்சி வாசகி)

அம்மா, உங்க பயம் ஞாயமானதுதான். அமெரிக்காவுல நியோஷ்னு தொழிலாளர் பாதுகாப்புக்கான அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்னு இருக்குது, அவங்க கணக்குப்படி 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் கொறையும். 100 டெசிபல்னா கால் மணி நேரந்தான். கண்ணாடிய ஏத்திவிட்டு காருக்குள்ள 100 தொடறது பெரிய காரியமே இல்லீங்க. பாட்டு நிறுத்துனதுக்கப்புறம் காதுல 'ஙீ'னு கேக்குதான்னு அவங்கிட்ட கேளுங்க, கேக்குதுன்னா காது ஏற்கனவே அடி வாங்கிருச்சு. ராத்திரி 10 மணிக்கு மேல காலைல 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கி வைக்கக் கூடாதுன்னு 2000ல வந்த ஒலி மாசு விதிலயே இருக்குது, அதையும் சொல்லுங்க.

ஆனா கழட்டி எறின்னு மட்டும் சொல்லாதீங்கம்மா, கேக்க மாட்டான். அவனுக்கு நான் சொல்றன், இதப் படிக்கக் குடுங்க.

தம்பி, உன்ற வண்டில பெட்டி ஓட்டை வச்ச போர்ட்டட் பெட்டியான்னு பாரு. அது ஒரு அளவுல மட்டும் ஓங்கி அடிக்கும், அளவு பிசகுனா அடி முடிஞ்சதுக்கப்புறமும் சத்தம் இழுத்துட்டே நிக்கும், வீதில கேக்கற 'டம்ம்ம்' அதுதான். மாரியாத்தா நோம்பில பம்பையும் உருமியும் அடிக்கறவங்க பக்கத்துல நின்னு கேட்டுருப்ப, ஒவ்வொரு அடியும் விழுந்தவொடனே வெட்டுனாப்புல நிக்கும், அடுத்த அடிக்கு எடம் விடும். அது வேணும்னா 12 இஞ்சுக்கு ஒரு கன அடிக்கு கொஞ்சம் கூடவா, 18 எம்எம் எம்டிஎஃப் (மர நார அமுக்கிச் செஞ்ச) பலகைல காத்துப் போகாம அடைச்ச சீல்டு பெட்டி செஞ்சு போடு. சத்தம் கொஞ்சம் கொறையும், பாட்டு தெளிவாயிரும்.

அப்புறம் கெயின். அது வால்யூம் இல்ல தம்பி, செட்டுல இருந்து வர்ற சிக்னலுக்கும் ஆம்ப்புக்கும் பொருத்தம் பாக்கற திருகு. அத முழுசா திருப்பி வச்சாக்க அலையோட தலை வெட்டுப்பட்டு சப்புக்குள்ள இருக்கற காயில் சூடேறித்தான் சப் எரியுது. சப் ஒயரக் கழட்டிட்டு, பேஸ் பூஸ்ட் எல்லாம் சைபர்ல வச்சு, லோ பாஸ் (அதுக்கு மேல இருக்கற சத்தத்தத் தடுக்கற திருகு) 80 ஹெர்ட்ஸ்ல வச்சு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் போட்டு, செட்டு வால்யூம முக்கால்ல நிறுத்து. மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சு ஆம்ப் அவுட்ல புடி. ஆம்ப்போட வாட்ஸ சப்போட ஓம்ஸால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா எத்தன வோல்ட்டுன்னு வரும், 300 வாட்ஸ் 4 ஓம்ஸுன்னா 34.6, அதே 300 வாட்ஸ் 2 ஓம்ஸுன்னா 24.5. மீட்டர்ல அந்த நம்பர் வர்ற வரைக்கும் கெயின மெதுவா ஏத்து, வந்தவொடனே கைய எடுத்துரு. அப்புறம் சப்ப மாட்டிட்டு, அலைய தலைகீழாக்கற ஃபேஸ் சுவிட்ச்ச 0லயும் 180லயும் மாத்தி மாத்தி வச்சு டிரைவர் சீட்டுல உக்காந்து கேளு, எதுல பேஸ் முன்னால இருந்து வர்ற மாதிரி நெறஞ்சு கேக்குதோ அதுல விட்டுரு. ஒரு நாள் அம்மாவப் பக்கத்துல உக்கார வச்சு, அவங்களுக்குப் புடிச்ச பாட்டப் போட்டு ஆனமலை வரைக்கும் ஓட்டிட்டு வா, சத்தம் எவ்வளவு வேணும்னு அவங்க சொல்லட்டும்.