மாட்டியாச்சு, ஆனால் நிலா தெரியவில்லை: வாசகர் கேள்விகள்

கே: என்னிடம் 130 மி.மீ. நியூட்டோனியன் (அடியில் குழிக் கண்ணாடி வைத்த) டெலஸ்கோப் இருக்கிறது, குவியத் தூரம் 650 மி.மீ. அப்பாவின் பழைய கேனான் டிஎஸ்எல்ஆரை டி-ரிங் (கேமராவை டெலஸ்கோப்போடு இணைக்கும் வளையம்) போட்டு அதில் மாட்டினேன். எதிர்வீட்டு சின்டெக்ஸ் டேங்க், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கா எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நிலா மட்டும் எவ்வளவு திருகினாலும் ஊத்தப்பம் மாதிரி கலங்கியே இருக்கிறது. டெலஸ்கோப்பில் கோளாறா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

ப: கோளாறு எதுவும் இல்லை. அந்தக் காக்காவே உங்களுக்கு விடையைச் சொல்லிவிட்டது.

கேனானில் சென்சார், கேமராவின் வாய் வளையத்திலிருந்து 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. டி-ரிங் 11 மி.மீ. ஆக ஃபோக்கசரின் (பிம்பத்தைத் தெளிவாக்க உள்ளே வெளியே நகர்த்தும் குழாய்) விளிம்பிலிருந்து சென்சார் குறைந்தது 55 மி.மீ. தள்ளி நிற்கிறது. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த சின்ன நியூட்டோனியன்களில், ஃபோக்கசரை முழுக்க உள்ளே தள்ளினாலும் நிலாவின் பிம்பம் பல சமயம் அவ்வளவு வெளியே வராது. பக்கத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளியே தள்ளி விழும். 40 அடி தூரத்து டேங்க் என்றால் உங்கள் டெலஸ்கோப்பில் ஏறக்குறைய 37 மி.மீ. கூடுதலாக வெளியே வரும், அதனால்தான் காக்கா சிக்கியது, நிலா சிக்கவில்லை. பகலில் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பி ராத்திரி ஏமாறுகிறவர்கள் நிறைய பேர். (பகலில் சோதிக்கும்போது டெலஸ்கோப் சூரியன் பக்கமே திரும்பக் கூடாது, கண் போய்விடும்.)

எவ்வளவு இடிக்கிறது என்பதை அளந்தே பார்த்துவிடலாம். கேமராவைக் கழற்றிவிட்டு ஃபோக்கசரை முழுக்க உள்ளே தள்ளுங்கள். நிலாவை நோக்கித் திருப்பி, ஃபோக்கசர் வாய்க்கு மேலே ஒரு துண்டு பட்டர் பேப்பரைப் பிடித்து மெதுவாக மேலே கீழே நகர்த்துங்கள். ஓரிடத்தில் 6 மி.மீ. அகலத்தில், சின்னப் பட்டாணி அளவுக்கு, கறைகளோடு சேர்த்து ஒரு குட்டி நிலா தாளில் விழும். முதல் தடவை பார்க்கும்போது கை அசையாமல் நிற்பது கஷ்டம். வாயிலிருந்து அந்த இடம் வரை ஸ்கேலால் அளங்கள். 20 மி.மீ. என்று வந்தால் உங்களுக்கு 35 மி.மீ. பற்றவில்லை.

இதற்கு வழி அடாப்டர் மேல் அடாப்டர் வாங்குவது அல்ல, ஒவ்வொரு வளையமும் கேமராவை இன்னும் தள்ளித்தான் வைக்கும். முதலில் ஒரு 2 மடங்கு பார்லோ லென்ஸ் போட்டுப் பாருங்கள், தலையில் டி-மரை (டி-ரிங் ஏறும் மரை) உள்ளதாக இருந்தால் டி-ரிங்கை நேரே அதில் திருகிவிடலாம். அது பிம்பத்தை வெளியே தள்ளும், நிலாவும் 12 மி.மீ. ஆகப் பெரிதாகும், அது கேனான் சென்சாருக்குள் தாராளமாக அடங்கும். அடிக்கண்ணாடியை நீள போல்ட் போட்டு மேலே ஏற்றுகிறவர்களும் உண்டு. அது முடியும், ஆனால் அப்புறம் ஐபீஸ் வைத்துப் பார்க்கத் தனியாக ஒரு நீட்டுக்குழாய் வேண்டும், கண்ணாடியை மறுபடி நேர்படுத்தவும் வேண்டும். முதல் வருஷமே அதில் இறங்காதீர்கள்.

கே: 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), அதற்கு ஃப்ளாட்னர் (மூலைகளிலும் படம் தெளிவாக விழச் செய்யும் லென்ஸ்), வானியல் கேமரா எல்லாம் வாங்கிவிட்டேன். படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்கின்றன, மூலைகளில் வால் முளைத்துவிடுகிறது.
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

ப: உங்கள் ஃப்ளாட்னரின் குறிப்புத் தாளில் 55 மி.மீ. என்று போட்டிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஃப்ளாட்னரின் முதுகிலிருந்து சென்சார் வரை அந்தத் தூரம் வேண்டும். ஃபோக்கசரைத் திருகி இதைச் சரி செய்ய முடியாது, ஃபோக்கசர் இரண்டையும் சேர்த்தல்லவா நகர்த்துகிறது. கேமராவில் சென்சார் 17.5 மி.மீ. ஆழத்தில் இருந்தால் 16.5, 21 என்று இரண்டு வளையம் போட்டால் கணக்கு தீர்ந்தது. சில கேமராக்களில் ஆழம் 6.5 தான், அதற்கு இன்னொரு 11 மி.மீ. வளையம் சேர வேண்டும், பெட்டியில் கிடக்கும் அந்த வளையத்தைத்தான் நிறைய பேர் எதற்கென்று தெரியாமல் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நடுவில் ஃபில்டர் போட்டால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், 2 மி.மீ. கண்ணாடிக்கு சுமார் 0.7 மி.மீ. வால்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீண்டால் பொதுவாக சென்சார் கிட்டே இருக்கிறது என்று அர்த்தம், நடுவைச் சுற்றி வளைந்தால் தள்ளி இருக்கிறது.

கே: சென்னை வெளிச்சத்தில் இதெல்லாம் தண்டச் செலவு என்கிறார் வீட்டுக்காரர்.
– ஒரு வாசகி, கே.கே. நகர்

ப: 1861இல் நார்மன் போக்சன் நுங்கம்பாக்கத்து ஆய்வகத்திலிருந்துதான் ஏசியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். அந்த இருட்டு இப்போது இல்லை, உண்மைதான். ஆனால் நிலா, வியாழன், சனி இவற்றுக்குத் தெருவிளக்கு ஒரு பொருட்டே இல்லை. நெபுலா (விண்வெளி வாயு மேகம்) ஆசை இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள்.

கே: பழைய கேமரா கடையில் எம்42 அடாப்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. டி-ரிங்கில் இரண்டு சுற்று போகிறது, அப்புறம் இறுகிக்கொள்கிறது. எண்ணெய் விடலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

ப: விடாதீர்கள், உடனே பின்னால் திருகிக் கழற்றுங்கள். பழைய பென்டாக்ஸ், ஸெனித் லென்ஸ்களின் மரையும் 42 மி.மீ., டெலஸ்கோப்பின் டி-மரையும் 42 மி.மீ. ஆனால் முன்னதன் பிட்ச் (ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம்) 1 மி.மீ., பின்னதற்கு 0.75. கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், சேராது. மரை மேல் ஸ்கேலை வைத்து 6 மி.மீ. நீளத்தில் எத்தனை மேடு என்று எண்ணுங்கள். ஆறு என்றால் கேமரா மரை, எட்டு என்றால் நம்முடையது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் ஊர் லேத் பட்டறை ஒன்றில்தான், "42 எம்.எம். மரை போட்டு ஒரு வளையம் வேணும்ண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். "பிட்ச் என்ன தம்பி?" என்று அவர் கேட்டபோது "சாதாரண பிட்ச்தாண்ணே" என்று சொன்னது நான்தான். அழகாகக் கடைந்து கொடுத்தார், 1 மி.மீ. பிட்சில். இன்றைக்கும் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

மரை சிக்கிக்கொண்டு வர மறுத்தால் கட்டிங் பிளேயர் எடுக்காதீர்கள், மெல்லிய அலுமினிய வளையம் நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டால் எதிலும் ஏறாது. பழைய சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டு வளையத்தையும் சுற்றி, அழுத்தாமல் பிடித்துத் திருப்புங்கள். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது கழலாது.