முதல் ஸ்கெட்ச்சிலேயே சிமுலேஷனா? – கேள்வி பதில்

பிளான் முடிவான பிறகு வெயிலையும் வெப்பத்தையும் கணினியில் சிமுலேஷன் செய்து பார்த்தால் போதாதா?

அப்போது கண்ணாடியை மாற்றலாம், ஏசியைப் பெரிதாக்கலாம். கட்டடத்தைத் திருப்பி வைக்க முடியாதே! லண்டனில் 20, ஃபென்சர்ச் தெருவில் உள்ள கோபுரத்தின் தெற்கு முகப்பு உட்குழிந்தது. 2013இல் அது வெயிலைக் குவித்து, தெருவில் நின்ற ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கிவிட்டது. அடுத்த ஆண்டு முகப்பில் தடுப்புப் பட்டைகள் மாட்டினார்கள். அளவை மாற்றினால் வடிவமும் தானே மாறும் பாராமெட்ரிக் கணினி மாடலாக இருந்தால், முதல் வாரத்தில் அந்த வளைவை மாற்றத் திரையில் ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் போதும்.

சென்னையில் வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம் என்கிறார் எங்கள் மேஸ்திரி. சரியா?

இல்லை. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் விழும். அக்னி நட்சத்திரம் முழுக்க இதில் அடக்கம். ஆனால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே இருப்பதால், ஜூன் 21 நண்பகலில் 4 அடி உயர ஜன்னலை மறைக்க 9 அங்குலம் நீட்டினாலே போதும். அதே ஜன்னல் தெற்கே இருந்தால் டிசம்பர் 21இல் 3 அடி தேவை. மார்கழி வெயிலுக்காக அவ்வளவு கான்கிரீட் வேண்டுமா என்றால், நான் வேண்டாம் என்பேன். அந்தச் செலவை மேற்குப் பக்கம் போடுங்கள். மாலை 4 மணி வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும், அங்கே செங்குத்துப் பட்டைகள்தான் வழி. பட்டையின் ஆழம், இடைவெளி, கோணம் மூன்றையும் ஸ்லைடராக வைத்து ஓட்டிப் பாருங்கள்.

சிமுலேஷனில் அறை வெப்பம் 31.4 டிகிரி என்று வருகிறது. வீட்டுக்காரரிடம் சொல்லலாமா?

அந்தப் புள்ளி நான்கை நம்பாதீர்கள். சுவர் செங்கல்லா, ஏஏசி பிளாக்கா (காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) என்றே இன்னும் முடிவாகவில்லை. சிமுலேஷனுக்குக் கொடுக்கும் வெதர் ஃபைலும் (ஊரின் வானிலைத் தரவு) பெரும்பாலும் விமான நிலையத் தரவு. அந்தக் காற்று தி.நகர் சந்துக்குள் வராது. ‘இந்த அமைப்பு அதைவிடக் குளிர்ச்சி’ என்று மட்டும் சொல்லுங்கள்.

எதில் தொடங்குவது?

ரைனோ என்ற 3டி மாடலிங் மென்பொருளில். ஸ்லைடர்களால் வடிவத்தை மாற்ற உதவும் கிராஸ்ஹாப்பர் அதற்குள்ளேயே இருக்கிறது. வெயிலையும் வானிலையையும் கணக்கிடும் லேடிபக் செருகுநிரல் இலவசம்.

கிராஸ்ஹாப்பரில் உள்ள தேடல் கருவியான கலாபகோஸிடம் விட்டால் சிறந்த வடிவத்தை அதுவே தேடித் தராதா?

கேட்டதைத் தரும். வெப்பத்தைக் குறை என்று மட்டும் கேட்டால், ஜன்னலையே சுருக்கிச் சுருக்கிச் சுவராக்கிவிடும். குறைந்தபட்சப் பகல் வெளிச்சத்தையும் நிபந்தனையாகச் சேருங்கள். அப்புறம், ஐந்தாறு ஸ்லைடருக்கு மேல் கொடுக்காதீர்கள். எது எதை மாற்றியது என்று உங்களுக்கே புரியாமல் போகும்.